வாய்க்கால் கரையில் முள் வெட்டிய நாள்

அப்பா இறந்தது கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலை நேரத்தில். காபி குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தங்கை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவள்தான் கையைப் பிடித்துப் பார்த்தாள். மார்பில் காதை வைத்துக் கேட்டாள். பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்துவிட்டு என்னிடம், "பெரியண்ணனுக்குப் போன் போடுண்ணா" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து நான் மனைவியோடு குடியிருக்கும் கும்பகோணத்துக்கும் ஊருக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். பகலில் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை, கடை மூடியதும் கடைசி பஸ்ஸில் குடவாசல், அங்கிருந்து சைக்கிளில் ஊர். தங்கைக்கும் எனக்கும் முறை வைத்துத் தூக்கம். அவர் போய்விட்டார் என்று தெரிந்ததும் முதலில் தோன்றியது, எங்காவது ஒரு பாயைப் போட்டுப் படுத்தால் தேவலை என்பதுதான். அம்மா அவர் காலருகே உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். மறுநாள் காலை திருச்சியில் இறங்கும் விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அதுவரை வைத்திருக்க ஐஸ் பெட்டிக்குச் சொல்லி, அது வந்து, அப்பாவை உள்ளே வைத்து, ஒயரை இழுத்து மாட்டி முடித்தபோது எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் வாசலில் வந்து நின்றார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"பாதை எப்படி கெடக்குன்னு பாத்தீங்களா?"

அவர் சொன்னது சுடுகாட்டுப் பாதையை. பெரிய ரோட்டிலிருந்து மதகுவரைக்கும் வண்டி வரும். மதகிலிருந்து வாய்க்கால் கரையோடு நடந்தால் ஆற்றங்கரையில் சுடுகாடு. ஒரு பீடி பிடித்து முடிக்கும் தூரம்தான். ஆனால் எங்கள் தெருவில் சாவு விழுந்து நாளாகியிருந்தது. விழுந்த ஒன்றிரண்டையும் டவுன் தகன மேடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நூறு நாள் வேலையில் வருஷத்துக்கொரு முறை கரையைச் சுத்தம் செய்வார்கள், அந்த வருஷம் அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.

போய்ப் பார்த்தேன். மதகைத் தாண்டி இருபது முப்பது அடிக்குக் கரை தெரிந்தது. அதற்கப்புறம் சீமைக்கருவேல் இரண்டு பக்கமும் ஏறி, மேலே கைகோத்து, உள்ளே ஒரு நாய் போகிற அளவுக்குத்தான் இருட்டாக ஒரு துளை. கீழே நாணலும் கோரையும் மழையில் சாய்ந்து கிடந்தன. பாடையைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் அதில் நுழைவது நடக்காத காரியம்.

"ஜேசிபி சொல்லலாமா?" என்றேன்.

குத்தகைக்காரர் வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் நின்ற சம்பாவைப் பார்த்தார். தொண்டைக்கதிர் பருவம், கதிர் வெளியே தள்ளப்போகும் நேரம். ஏற்கனவே தண்ணீர் தேங்கி, வடிய வைக்க அவர் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். "கரை ஊறிக் கெடக்கு. வண்டி ஏறுனா ஒடஞ்சி வயல்ல எறங்கிடும். நீங்க சொன்னா நான் வேணாம்னு சொல்லல" என்றார்.

வேண்டாம் என்று நானே சொன்னேன். வீட்டுக்குத் திரும்பி வந்து, டவுனுக்கே எடுத்துப் போய்விடலாமா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அங்கயும் போயி அவர வரிசையில படுக்க வைக்கணுமா? ஆஸ்பத்திரியில நின்ன வரிசை போதாதா?"

தெருவில் ஆள் தேடினேன். இளைஞர்கள் எல்லாம் திருப்பூரிலும் சென்னையிலும் இருந்தார்கள். இருந்தவர்கள் வயலில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வருகிறோம் என்றார்கள். சாயங்காலம் மழை வரும் என்று வானம் சொல்லிக்கொண்டிருந்தது. கொல்லையில் தென்னை மட்டை வெட்டும் அரிவாள் ஒன்று கிடந்தது. கதிர் அறுக்கும் அரிவாள் இல்லை, இது கனத்தது, முழங்கை நீளம், நுனியில் மட்டும் கொக்கிபோல வளைந்திருக்கும். பிடி ஆடியது. சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றிக் கட்டினேன். குத்தகைக்காரர் தன் வீட்டு அரிவாளோடும் நுனி இரண்டாகப் பிரிந்த ஒரு கவைக்கம்போடும் வந்தார்.

முள் வெட்டுவது பார்ப்பதற்குச் சுலபமான வேலை. அரிவாளை ஓங்கி நேராகப் போட்டால் பச்சைக் கருவேல் வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும். சாய்த்துப் போட வேண்டும், அதுவும் அடியில். குனிந்து அடியில் போட்டால் மேலேயிருக்கும் கிளை முதுகில் இறங்கும். அதனால் முதலில் கிளையைக் கழித்து, கவைக்கம்பால் தள்ளி, அப்புறம் அடிமரத்துக்கு வர வேண்டும். குத்தகைக்காரர் சொன்னதைச் செய்துகொண்டு போனேன். சற்று நேரத்தில் மணிக்கட்டு விண்ணென்றது. பில் மெஷினைத் தட்டுகிற கைக்கு இவ்வளவுதான் என்று தெரிந்துபோயிற்று. செருப்பைத் துளைத்து ஒரு முள் குதிகாலில் ஏறியது. பிடுங்கிவிட்டு மறுபடி நின்றேன்.

குத்தகைக்காரரின் மகள் வரப்பில் ஓடி வந்து, மேற்கு வயலில் வரப்பு உடைந்துவிட்டது என்றாள். அவர் என்னைப் பார்த்தார்.

"போங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் தன் அரிவாளைக் கரையில் குத்தி வைத்துவிட்டு ஓடினார்.

தனியாக வெட்டினேன். எவ்வளவு வெட்டினாலும் முன்னால் அதே பச்சைச் சுவர். வெட்டிய முள்ளை இழுத்துக் கரைச்சரிவில் தள்ளுவதற்குள் மூச்சு வாங்கியது. வேலையை நிறுத்தி ஓய்வெடுத்தால் அப்பாவின் முகம் வந்தது, அதனால் நிற்கவும் பயமாக இருந்தது. ஒரு கட்டத்தில் வெட்டுகிறேனா, சும்மா அடிக்கிறேனா என்றே தெரியவில்லை.

மதகில் ஒரு மொபெட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தங்கையின் கணவர்.

கணவர் என்று எழுதுவது பழக்கத்தில்தான். தங்கை அவரை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்து வருஷங்களாகியிருந்தன. ஏன் வந்தாள் என்பது எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. அடி உதை இல்லை, குடி இல்லை. குழந்தை இல்லை, அது ஒன்றுதான் வெளியே தெரிந்த காரணம். அண்ணன் ஒரு முறை ஊருக்கு வந்தபோது அவரைத் தெருவில் நிற்க வைத்து ஏதேதோ பேசினான். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை. திருப்பனந்தாளில் உரக்கடை வைத்திருக்கிறார் என்பதோடு எங்களுக்குள் செய்தி நின்றுபோயிற்று.

அவர் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுக் கரைமேல் ஏறி வந்தார். இளைத்திருந்தார். முன்தலை நரைத்திருந்தது.

"பெரிய ரோட்டு டீக்கடையில பாய் சொன்னாரு. நீங்க இங்க இருக்கீங்கன்னு" என்றார்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், "வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

"கூட யாரும் இல்லையா?"

"இருந்தாரு. வரப்பு ஒடஞ்சிடுச்சின்னு போயிட்டாரு."

கரையில் குத்தியிருந்த அரிவாளைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி வண்டிமேல் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அதைப் பிடுங்கினார். வீட்டுக்குப் போய் முகம் பார்த்துவிட்டு வரட்டுமே என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவருக்கும் அங்கே எப்படிப் போவது என்று தெரியாமல்தான் இங்கே வந்திருக்க வேண்டும்.

அவரும் என்னைப்போலத்தான். உர மூட்டை தூக்குகிற கை, அரிவாள் பிடித்துப் பழக்கமில்லை. முதல் வெட்டே கிளையில் பட்டு வழுக்கித் தரையில் குத்தியது. "சாய்ச்சிப் போடணும்" என்றேன். சாய்த்துப் போட்டார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிறகு அதுவும் சரிப்படவில்லை, இரண்டு பேர் வீசினால் யார் அரிவாள் யாரைத் தொடும் என்று சொல்ல முடியாது. ஒருவர் வெட்ட, ஒருவர் கவைக்கம்பால் இழுப்பது என்று ஆக்கிக்கொண்டோம். கை ஓய்ந்ததும் மாற்றிக்கொள்வோம். பேச்சு எல்லாம் முள்ளைப் பற்றித்தான். "அந்தப் பக்கம் இழுங்க." "இது காஞ்ச மரம், விட்டுடலாம்." "பாம்புச் சட்டை கெடக்கு, பாத்து."

அரிவாள்கள் மழுங்கின. மதகின் சிமெண்ட் விளிம்பில் தண்ணீர் தெளித்துத் தீட்டினோம். பாய் கடையிலிருந்து தூக்கில் டீ வந்தது. ரோட்டில் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மதகுக் கட்டையில் உட்கார்ந்து குடித்தோம். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து டம்ளரின் சூடு எரிந்தது. கீழே வாய்க்காலில் தண்ணீர் கலங்கலாக வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா கடைக்கு வருவாரு" என்றார் அவர், தண்ணீரைப் பார்த்தபடி.

"யாரு?"

"உங்கப்பாதான். படுக்கறதுக்கு முன்னாடி வரைக்கும் வந்துகிட்டுதான் இருந்தாரு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்பா திருப்பனந்தாள் கோயிலுக்குப் போகிறேன் என்று அவ்வப்போது பஸ் ஏறுவார். வயசான காலத்தில் பக்தி வந்துவிட்டது என்று அம்மாகூடச் சொல்லியிருக்கிறாள்.

"வந்து என்ன பேசுவாரு?"

"ஒண்ணும் பேச மாட்டாரு. பேப்பர் படிப்பாரு. டீ வாங்கிக் குடுப்பேன். கடையில கூட்டமா இருந்தா மூட்டைக்கு ஆள் காட்டுவாரு. மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பிடுவாரு." டம்ளரைக் கீழே வைத்தார். "தங்கச்சி எப்படி இருக்குன்னு நான் கேட்டதில்ல. அவரும் சொன்னதில்ல."

தங்கச்சி என்றது என் தங்கையை, எனக்கு முறை வைத்து. டம்ளர்களைக் கழுவித் தூக்கில் போட்டோம். மறுபடி கரை ஏறினோம்.

மதியத்துக்கு மேல் பாதி தாண்டியிருப்போம். உடம்பில் எதுவும் மிச்சமில்லை. காலையிலிருந்து ஒரு காபி, ஒரு டீ. அவர் வெட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு பெரிய கிளையைக் கவையால் பிடித்துக்கொண்டிருந்தேன். கம்பு நழுவியது. கிளை விசிறிக்கொண்டு திரும்பி அவர் தோளில் அடித்தது. அரிவாள் கையை விட்டுக் கிளம்பியது.

"மாப்பிள்ள, காலு" என்று கத்தினேன்.

அவர் காலை இழுத்துக்கொண்டார். அரிவாள் பாதத்துக்குப் பக்கத்தில் விழுந்து சேற்றில் புதைந்து நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். தோளிலும் முன்கையிலும் முள் கிழித்து ரத்தம் கோடுகோடாக வந்தது. அவர் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மச்சான்" என்றார்.

இரண்டு பேரும் அந்தச் சொற்களைச் சொல்லி எத்தனையோ நாளாயிற்று. யாரும் அதைப் பெரிதாக்கவில்லை. அவர் அரிவாளைப் பிடுங்கி என்னிடம் நீட்டினார். என் முறை.

மூன்று மணிக்கு மேல் வயல் வேலை முடித்து ஐந்தாறு பேர் வந்தார்கள். குத்தகைக்காரரும் வந்தார். அவர்கள் கைபட்டதும் மிச்சம் சீக்கிரம் விலகியது. சுடுகாட்டுக் கொட்டகையின் தகரம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஏனோ ஒரு நிம்மதி, கோயில் கோபுரம் தெரிந்ததுபோல. ஒருவர் சிரித்தேவிட்டார், பிறகு என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். வாசல் பந்தலுக்குக் கீழே நின்றார். செருப்பைக் கழற்றினாரே தவிர படி ஏறவில்லை. தங்கை வெளியே வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். உள்ளே போய்ப் பஞ்சும் மருந்தும் கட்டுத்துணியும் கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்துக் கழுவினாள், கொப்புளத்துக்கு மருந்து போட்டுக் கட்டினாள். குதிகாலில் ஒடிந்து நின்ற முள்முனையை ஊசியால் எடுத்தாள். முடித்ததும் மிச்சப் பஞ்சையும் மருந்தையும் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் நாற்காலியருகே வந்து, தானே ஒரு கையால் பஞ்சை நனைத்துத் தோளைத் துடைத்துக்கொண்டார். கட்டுத்துணியை நான் கட்டிவிட்டேன். அதன்பிறகு படி ஏறி, ஐஸ் பெட்டிக்கு முன்னால் கைகூப்பி நின்றார். அம்மா அவரைப் பார்த்து, "வந்தியாப்பா" என்றாள். இருட்டுவதற்குள் கிளம்பிப் போனார்.

அப்பா அவர் கடைக்குப் போய்க்கொண்டிருந்ததைத் தங்கையிடம் சொன்னேன். அவள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியும். கோயிலுக்குப் போனவரு நெத்தியில திருநீறு இல்லாமலா வருவாரு?" என்றாள்.

மறுநாள் அண்ணன் வந்ததும் அழுதான். சத்தமாக, அடக்காமல் அழுதான். நாங்கள் அழாததற்கெல்லாம் சேர்த்து அவன் அழுவதுபோல இருந்தது. குளிக்கப் போகும்போது பந்தல் ஓரத்தில் மாலையும் அப்பாவுக்குப் போர்த்தக் கோடி வேட்டியும் வைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்துவிட்டான்.

"இவன் எதுக்கு வந்தான்?" என்றான் என்னிடம்.

"நேத்து பாதை வெட்டுனது அவருதான்."

"ஆளு கெடைக்கலியா?"

"கெடைக்கல" என்றேன். சண்டை போடும் தெம்பு எனக்கு இல்லை. அவனுக்கும் இல்லை, ராத்திரி முழுக்க விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தவன். என் கைக்கட்டைப் பார்த்தான், கிணற்றடிக்குப் போனான்.

கோடி போடுகிறவர்களைக் கூப்பிட்டபோது சம்பந்தி முறையில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தயக்கம் வந்தது. என் மாமனார் வீட்டார் போட்டார்கள். அண்ணியின் வீட்டார் போட்டார்கள். அடுத்தது மகள் வீட்டு முறை, யாரைக் கூப்பிடுவது என்று நின்றார்கள். அப்பாவின் தலைமாட்டில் நின்ற தங்கை, யாரையும் பார்க்காமல், "அவரும் போடட்டும்" என்றாள். அவர் வந்து வேட்டியைப் போர்த்திக் காலைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். அண்ணன் தலையைக் குனிந்தபடி இருந்தான்.

மதகிலிருந்து தோளில் தூக்கினோம். அண்ணன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான். வெட்டிய அடிக்கட்டைகள் கூர்மையாக நின்றுகொண்டிருந்தன. குத்தகைக்காரர் முன்னாலேயே போய் அவற்றின்மேல் வைக்கோலைப் பரப்பியிருந்தார். பின்பக்கம் ஒரு தோள் நான், மறுதோள் அவர். கட்டுப்போட்ட தோளை மாற்றிக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை. நடக்கும்போது அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது, என் மூச்சு அவருக்குக் கேட்டிருக்கும். பாதை குறுகல்தான், ஆனால் எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தோம். வறட்டி அடுக்கி மூட்டம் போட்டு மண் பூசித் தீ வைத்ததும் ஆற்றில் முழுகினோம். தண்ணீருக்குள் போனதும்தான் எனக்கு அழுகை வந்தது. கரை ஏறும்வரை யாருக்கும் தெரியவில்லை.

கருமாதிக்கு அவர் வந்தார். அண்ணன் இலை போட்டு உட்காரச் சொன்னான். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க அவருக்கு" என்றும் சொன்னான். அதுவே அவனுக்குப் பெரிய காரியம். அதற்குள் எல்லோரும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். இனி சேர்ந்துவிடுவார்கள் என்று என் மனைவியே சொன்னாள். அம்மா அப்படி நம்பியிருக்க வேண்டும், தை பிறந்ததும் தங்கைக்கு இரண்டு புதுப்புடவை எடுத்துவரும்படி என்னிடம் சொன்னாள். நானும் நம்பினேன். ஒரு பகல் முழுக்க ஒருவரோடு முள் வெட்டினால் இப்படியெல்லாம் நம்பத் தோன்றுகிறது.

தை அறுவடை முடிந்தது. கரையில் வெட்டிய கட்டையெல்லாம் துளிர்த்து முழங்கால் உயரம் வந்துவிட்டது. வயல் காய்ந்திருந்ததால் குத்தகைக்காரர் ஜேசிபி விட்டு வேரோடு தள்ளினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, அவரோட பேசிட்டேன். ரெண்டு பேரும் சேந்து கையெழுத்துப் போட்டு முடிச்சிக்கலாம்னு இருக்கோம்" என்றாள்.

"எதுக்கு இப்ப? அவரு நல்ல மனுஷந்தானே?"

"நல்ல மனுஷர்தான். அதுக்காக நான் அங்க போயி இருக்க முடியுமா? அப்பா இருந்தவரைக்கும் நாங்க சேந்துடணும்னு அவருக்கு ஒரு ஆசை இருந்துச்சு, அதான் நானும் இழுத்துகிட்டே இருந்தேன். ரெண்டு பேருமே ஓஞ்சி போயிட்டோம்ணா. அவராவது வேற யாரையாவது பாத்துக்கட்டும்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. சுகாதார நிலையத்திலிருந்து வந்து சீருடையைக் கூட மாற்றாமல் பேசிக்கொண்டிருந்தாள். நான் சரி என்றேன்.

கும்பகோணம் கோர்ட்டில் கடைசியாகக் கூப்பிட்ட அன்று நானும் போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுவரை நடந்தோம். நல்ல வெயில். அவர் ஒரு கடையில் டீ சொன்னார். தங்கைக்குச் சர்க்கரை குறைவாகப் போடச் சொன்னார், அவள் கேட்காமலேயே. குடித்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் சொன்னேன். குறுவைக்கு அந்த வருஷம் தண்ணீர் வருமா என்று பேசினோம். அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அவர் போகும் பஸ் முதலில் வந்தது. "வரேன் மச்சான்" என்றார். தங்கையைப் பார்த்துத் தலையசைத்தார். கூட்டத்தோடு முட்டி மோதி ஏறினார். பஸ் நகரும்வரை தங்கை குதிகாலை உயர்த்தி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவருக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று.